நொட்டாங்கை

தூத்துக்குடிக்காரன் இன்னொரு தூத்துக்குடிக்காரன் வீட்டுக்கு மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ரங்கநாத் ஒரு கிலோ வாங்கி வந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்த ஜெபசுதா இன்னும் சேலை மாற்றவில்லை. அவள் கணவர் தேவபிரசாதம் மக்ரூன் பெட்டியைப் பார்த்தார். ரங்கநாத்தைப் பார்த்தார். எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்தார்.

"உக்காருங்க ரங்கநாத்."

"இருக்கட்டும் சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

ரங்கநாத் துறைமுகத்தில் கணக்கு அதிகாரி. கோல்ஃப் கிளப்பின் செயலாளர். பூர்வீகம் ஆழ்வார்திருநகரி. அவன் அப்பாவுக்குப் பாசுரம் மனப்பாடம். அவனுக்குக் கோல்ஃப் விதிகள்.

"மதுரைக்காரங்களோட மேட்ச் ஆகஸ்ட்ல வருது மேடம்," என்றான்.

மேடத்தைப் பார்த்துச் சொன்னான். தேவபிரசாதம் அதைக் கவனித்தார்.

அந்த மேட்ச் வருஷத்துக்கு ஒருமுறை. ஒரு பக்கத்துக்கு ஒரு ஜோடி. ஜோடியில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். பல வருஷமாகத் தூத்துக்குடி ஜோடி என்றால் தேவபிரசாதமும் அவர் மனைவியும்தான். ஜெபசுதா கல்லூரியில் ஈட்டி எறிந்தவள். நாசரேத்தில் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். தூர அடியில் அவள் கெட்டி. குழிக்குப் பக்கத்தில் வந்தால் அவர்.

இந்த ஊர் மைதானத்தில் புல் கிடையாது. உப்பளத்துக்கும் துறைமுகக் குடியிருப்புக்கும் நடுவே செம்மண் தரை, முள்ளு நிறைந்த உடை மரம், ஒன்பது குழி. குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்க வேண்டிய இடத்தில் கழிவு எண்ணெய் கலந்த மணல் வட்டம். அதற்குப் பேர் பிரவுன். அதன் ஓரத்தில் நின்று பந்தைச் சின்னதாகத் தட்டி, மணலில் உருட்டி, குழிக்குப் பக்கத்தில் நிறுத்துவதில் தேவபிரசாதத்தை மிஞ்ச ஆள் இல்லை என்று பேச்சு. கப்பல்களை உள்ளே கொண்டுவந்து மேடையோடு சேர்க்கும் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கேப்டன் பந்தை அடிக்கிறதில்லை, கொண்டுபோய்க் கட்டுகிறார் என்பார்கள்.

இதெல்லாம் போன வருஷம் வரை. போன வருஷம் மதுரைக்காரர்களோடு கடைசிக் குழியில் அவர் தட்டிய பந்து பிரவுனைத் தாண்டி, அதற்கு அப்பால் இருந்த பாதையைத் தாண்டி, உடைமுள்ளுக்குள் போய் விழுந்தது. இருபது அடி தூரத்துக்கு மட்டும் தட்ட வேண்டிய பந்து அது.

வலது கை நடுங்கியது. காபி டம்ளரில் தெரியாது. சட்டைப் பொத்தானில் தெரியாது. பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்து, குழியைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பந்தைப் பார்க்கும்போது தெரியும். நீண்ட அடிக்கு உடம்பு முழுவதும் சுழலும். அங்கே கையின் வண்டவாளம் வெளியே வராது. சின்ன அடிக்குக் கை மட்டும்தான். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை, வயசு என்றார். எழுபதைத் தொட்டவரிடம் வயசு என்று சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று தேவபிரசாதம் கேட்டார்.

"இந்த வருஷம் நீங்களும் நம்ம கிளப் கிங்ஸ்டனும் சேர்ந்து ஆடினா என்னன்னு கமிட்டியில ஒரு பேச்சு," என்றான் ரங்கநாத். "சார் ஸ்கோர் பாத்துக்கலாம். சாரோட அனுபவம் நமக்கு வேணும்."

ஜெபசுதா பெட்டியைத் திறந்து ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டாள். அது கரைந்ததும் கேட்டாள்:

"கமிட்டின்னா யாரு?"

"நான், கிங்ஸ்டன்... ரெண்டு பேர் இருந்தோம்."

"நல்ல கமிட்டி," என்றாள். "நானும் இவுகளும் ஒரு பக்கம். நீங்களும் கிங்ஸ்டனும் ஒரு பக்கம். ஒம்போது குழி. நாங்க ஜெயிச்சா நாங்க ஆடுதோம்."

ரங்கநாத் தேவபிரசாதத்தைப் பார்த்தான். அந்த வீட்டுக்கு வந்து முதல்முறை நேராகப் பார்த்தான்.

"சமமா முடிஞ்சா?"

"சமமா முடிஞ்சா உங்க கமிட்டி சொன்னபடி."

"மூணு வாரம் கழிச்சு, சனிக்கிழமை," என்றான். போகும்போது மக்ரூன் பெட்டியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

கதவைச் சாத்திவிட்டு வந்த மனைவியிடம் தேவபிரசாதம் சொன்னார்:

"அந்தப் பையனோட ஆடேன். ஜெயிக்கலாம்."

"தெரியும்."

"பொறவு?"

"எனக்கு ஜெயிக்கணும். நீங்களும் கூட இருந்தா நல்லாருக்கும்," என்றாள். "ரெண்டும் நடக்குமான்னு பாப்போம். கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடுவோம்."

மறுநாள் விடியற்காலையிலேயே மைதானத்துக்குப் போனார்கள். மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று இன்னும் கிளம்பவில்லை. மூன்றாம் பிரவுனின் ஓரத்தில் நின்று அவர் தட்டிக்கொண்டே இருந்தார். ஒன்று காலடியிலேயே நின்றது. ஒன்று அந்தப் பக்கம் ஓடியது. மட்டையின் பிடியை மாற்றினார். மூச்சை அடக்கினார். கண்ணை மூடிக்கூட அடித்துப் பார்த்தார். மைதானத்தைப் பராமரிக்கும் பர்னபாஸ் எண்ணெய் வாளியோடு வந்து, கொஞ்ச நேரம் பார்த்து, வாளியை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் நின்றான்.

"ஏன்டே அங்கன போற?"

"எங்கன வரும்னு தெரியலியே கேப்டன்."

அடித்து முடித்த பந்துகளைத் தேவபிரசாதம் பொறுக்கினார். பிரவுனின் மறுபக்கம் ஜெபசுதா பையோடு நின்றாள். ஒவ்வொன்றாக அவளுக்கு எறிந்தார். அவள் பிடித்துப் பையில் போட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

"இன்னொண்ணு எறியுங்க."

எறிந்தார். அவள் கையை நீட்டிய இடத்திலேயே வந்து விழுந்தது.

கையைத் தாழ்த்தி, இடுப்புப் பக்கம் விரித்தாள். "இங்கன."

அங்கேயும் வந்து விழுந்தது.

"எந்தக் கையால எறியுதீங்க?"

தேவபிரசாதம் தன் கையைப் பார்த்தார். இடது கை.

"சோத்தாங்கையால எறியுங்க."

வலது கையால் எறிந்தார். அவள் தலைக்கு மேல் போனது.

"நாப்பது வருஷமா எறியுதீங்க," என்றாள். "நானும் நாப்பது வருஷமா பிடிக்கேன். கையை நவுத்துனதே இல்ல. இப்பதான் தோணுது."

அவருக்கு அது புதிய செய்தி இல்லை. சாத்தான்குளத்தில் பிறந்த வீட்டில் அவர் நொட்டாங்கைக்காரன். இடது கையால் சோற்றைத் தொட்டபோதெல்லாம் அம்மாவின் அகப்பை முட்டியில் விழுந்தது. பள்ளியில் சிலேட்டுக் குச்சியை இடது கையில் பிடித்ததற்கு வாத்தியார் அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துப் பையை ஊக்கு குத்தி மூடிவிட்டார். மூன்றாம் வகுப்புக்குள் எல்லாம் வலதுக்கு வந்தாயிற்று. எழுத்து, சாப்பாடு, சலாம், கையெழுத்து, பின்னால் கோல்ஃப். நாயை விரட்டக் கல்லெறிவதை மட்டும் யாரும் திருத்தவில்லை.

"எழுபது வயசுல நொட்டாங்கையா," என்றார். "ஊர் சிரிக்கும்."

"ஊர் இப்ப மட்டும் அழுவுதா?"

இடது கை ஆட்டத்துக்கு மட்டை வேறு. அதன் முகம் மறுபக்கம் திரும்பியிருக்க வேண்டும். கிளப்பில் இடது கை ஆட்டக்காரன் ஒருவன்தான். கிங்ஸ்டன்.

ஜெபசுதா அன்று சாயங்காலம் அவன் அலுவலகத்துக்குப் போனாள். கிங்ஸ்டன் கப்பல் ஏஜென்ட். நாற்பது வயது. எட்டாம் வகுப்பில் அவளிடம் கணக்குப் படித்தவன். அவளைப் பார்த்ததும் இன்னும் எழுந்து நிற்கிறவன்.

"பழைய இரும்பு மட்டை ஒண்ணு இருக்கா லே? வேண்டாததா இருந்தாப் போதும்."

"எதுக்கு டீச்சர்?"

"வீட்டுல எலி."

கிங்ஸ்டன் கதவுக்குப் பின்னால் கிடந்த மூட்டையிலிருந்து ஒன்றை உருவினான். பிடியின் தோல் தேய்ந்திருந்தது. "எலின்னா எட்டாம் நம்பர் இரும்பே போதும் டீச்சர். பெருச்சாளின்னா சொல்லுங்க, வேற தாரேன்."

பொய் சொன்னதற்காக அவள் ராத்திரி ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். மட்டையைத் திருப்பிக் கொடுக்கிற எண்ணம் இல்லை.

பயிற்சி மொட்டை மாடியில். மைதானத்துக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். மணலைக் கொட்டிப் பரப்பி, மூலையில் ஒரு மீன்கூடையைச் சாய்த்து வைத்தார்கள். முதல் நாள் இடது கை மட்டையைத் துடைப்பம் மாதிரி பிடித்தது. கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அவர் மட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"எறிஞ்சு பாருங்க," என்றாள்.

எறிந்தார். கூடைக்குள் விழுந்தது.

"அதே மாதிரி அடிங்க."

"எறியறதும் அடிக்கறதும் ஒண்ணா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ஈட்டிதான் எறிஞ்சேன்."

ஒன்றை எறிந்தார். ஒன்றை அடித்தார். ஒன்றை எறிந்தார். ஒன்றை அடித்தார். எறியும்போது அவர் பந்தைப் பார்ப்பதில்லை. கூடையைத்தான் பார்க்கிறார். இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கூடையை மட்டும் பார்த்தார். கை தன்பாட்டில் போனது. அந்தக் கைக்குத் தோற்ற ஞாபகம் இல்லை. உடைமுள்ளுக்குள் பந்தை அனுப்பியது அது இல்லை. வலது கைதான் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது.

இரண்டாம் வாரக் கடைசியில் பந்துகள் கூடையைச் சுற்றியே நின்றன. சில உள்ளேயும் போயின. தேவபிரசாதம் மாடியில் நின்று சத்தமாகக் கீர்த்தனை பாடினார். பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியிலிருந்து எடுத்த பந்துகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏதும் விசேஷமா என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை கச்சான் சீக்கிரமே கிளம்பிவிட்டது. செம்மண் புழுதி கடல் பக்கமாகப் பறந்தது. கணக்கு எளிமையானது. குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடும் ஜோடிக்கு அந்தக் குழி. ஒன்பது குழியில் அதிகம் யாருக்கோ, ஆட்டம் அவர்களுக்கு. ஒற்றைப்படைக் குழிகளைத் தேவபிரசாதம் தொடங்க வேண்டும், இரட்டைப்படையை ஜெபசுதா.

முதல் குழி. அவர் வலது கைப் பக்கமாக நின்று நேராக அடித்தார். தூரம் போகவில்லை, கோணவும் இல்லை. ஜெபசுதா அடுத்ததைப் பிரவுன் பக்கம் கொண்டுபோய்ப் போட்டாள். தேவபிரசாதம் பையிலிருந்து எட்டாம் நம்பரை உருவிப் பந்துக்கு மறுபக்கம் போய் நின்றார்.

கிங்ஸ்டன் கண்ணைச் சுருக்கினான். "அண்ணாச்சி, அது என் இரும்புல்லா?"

"உன் இரும்புதான்."

"டீச்சர், எலி?"

"எலியை அப்புறம் பாப்போம்," என்றாள் ஜெபசுதா. "பெரியவங்க அடிக்கும்போது பேசாத."

ரங்கநாத் வாயைத் திறந்தான். மூடினான். எந்தக் கையால் அடிக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அவனுக்குத் தெரியும்.

தேவபிரசாதம் அடித்தார். மூன்று பேர் பார்க்கிறார்கள், தூரத்தில் பர்னபாஸ் பார்க்கிறான் என்ற நினைப்பில் குழியை விட்டுப் பந்தைப் பார்த்துவிட்டார். பந்து பிரவுனைத் தொடாமலே நின்றது. அந்தக் குழி போயிற்று.

இரண்டாவதில் அவருக்கு வந்தது மணலில் உருட்டும் அடி. உருட்டும் மட்டை அவரிடம் வலது கைக்கு உள்ளதுதான். எடுத்தார், நின்றார், கை நடுங்கியது. ஒரு முழத் தூரத்திலிருந்து தவறவிட்டார். அந்தக் குழியும் போயிற்று.

ரங்கநாத் அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தான். நல்ல பையன். அதுதான் தேவபிரசாதத்துக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் குழிக்கு நடக்கும்போது ஜெபசுதா பக்கத்தில் வந்தாள்.

"யாருக்கு அடிக்கீங்க?"

"என்ன?"

"ரங்கநாத்துக்கா, கிங்ஸ்டனுக்கா, கூடைக்கா?"

மூன்றாம் பிரவுனின் ஓரத்தில் அவர் நின்றபோது காற்று சட்டையைத் தூக்கியது. குழியில் நட்ட கொடிக்கம்பைப் பார்த்தார். அதன் அடியை மட்டும் பார்த்தார். மனசுக்குள் அங்கே ஒரு கூடையைச் சாய்த்து வைத்தார். கை தாழ்ந்து போய் வந்தது. பந்து எழும்பி, மணலில் விழுந்து, எண்ணெய் கறுத்த மணலில் ஒரு கோடு போட்டுக்கொண்டு உருண்டு, கம்பில் இடித்து நின்றது.

"எலி செத்துது," என்றான் கிங்ஸ்டன்.

ஜெபசுதா உள்ளே தட்டினாள். ஒரு குழி வந்தது.

நான்காவது சமம். ஐந்தாவதில் உடை மர வேருக்குப் பக்கத்திலிருந்து அவர் அனுப்பிய பந்து குழியைச் சுற்றி வந்து ஓரத்தில் நின்றது. அதுவும் அவர்களுக்கு. ஆறாவதில் கிங்ஸ்டன் நீளமாக ஒன்றை உருட்டிப் போட்டு, அந்தக் குழியை எடுத்துக்கொண்டு, தரையில் குதித்தான். ஏழாவதில் தேவபிரசாதம் பிரவுனுக்கு வெளியே, பள்ளத்திலிருந்து, குழி கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து எறிவதுபோல் அடித்தார். மேலே நின்ற பர்னபாஸ் இரண்டு கையையும் தூக்கினான். பந்து நேராக உள்ளே போயிருந்தது.

"மாதாவே!" என்றான் பர்னபாஸ். பிறகு மாதாவைக் கும்பிடாத புராட்டஸ்டன்ட் கேப்டன் முன்னால் கூப்பிட்டுவிட்டோமே என்று வாயைப் பொத்தினான்.

"கூப்பிடுடே," என்றார் தேவபிரசாதம். "இன்னிக்கு யாரை வேணா கூப்பிடு."

எட்டாவது சமம். ஆட்டமும் மூன்றுக்கு மூன்று, சமம். கடைசிக் குழி பாக்கி. சமமாக முடிந்தால் அவர் வெளியே. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நான்கு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

ஒன்பதாம் குழி உப்பள வாய்க்கால் ஓரமாகப் போகிறது. தேவபிரசாதம் தொடங்கினார், நேராக. ரங்கநாத் தொடங்கியது காற்றில் விலகி வாய்க்காலுக்குள் விழுந்தது. அவனே அபராதத்தைச் சொல்லி, அவனே பந்தை எடுத்து வைத்தான். கடைசியில் அவனும் கிங்ஸ்டனும் ஆறு அடியில் முடித்தார்கள்.

ஜெபசுதாவின் இரண்டாவது அடி பிரவுனுக்குச் சற்று முன்னால் நின்றது. மூன்றாவது, அவர், எட்டாம் நம்பரால். பந்து குழிக்கு ஓர் ஆள் நீளத்தில் வந்து நின்றது. நல்ல அடி. இனி ஜெபசுதா உள்ளே தட்டினால் நான்கு. முடிந்தது.

பிரவுன் ஓரத்தில் கம்பியில் தைத்த சாக்கு ஒன்று கிடக்கும். உருட்டுவதற்கு முன் பந்திலிருந்து குழிவரை அதை இழுத்துத் தடம் போடலாம். ஒருமுறைதான். ஜெபசுதா இழுத்தாள். நின்றாள். கணக்கு டீச்சருக்குக் கை நடுங்காது. ஆனால் அவள் அன்று காலையிலிருந்து இரண்டு பேருக்காகவும் பயந்துகொண்டிருந்தாள். அது அந்த அடியில் தெரிந்தது. பந்து குழியின் உதட்டில் ஏறி, விலகி, ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது.

அவள் பந்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

ஒரு முழம். உள்ளே போனால் ஐந்து, வெற்றி. போகாவிட்டால் சமம்.

கிளப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. இவ்வளவு பக்கத்தில் நின்றால் எதிராளி, 'கொடுத்துட்டோம்' என்பான். அடிக்க வேண்டாம், போட்டதாகக் கணக்கு. ஒருமுறை சொல்லிவிட்டால் சொன்னதுதான், திரும்ப வாங்க முடியாது. தேவபிரசாதம் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது அவர் கிங்ஸ்டனைப் பார்த்தார். கேட்கவில்லை. ஆனால் பார்த்தார். உள்ளுக்குள் சொல்லுலே, சொல்லுலே என்று ஓடியது.

கிங்ஸ்டனுக்குப் புரிந்தது. முகம் இளகியது. வாயைத் திறந்தான்.

"கிங்ஸ்டன்!" என்றாள் ஜெபசுதா.

எட்டாம் வகுப்புக் குரல். அவன் கைகள் தானாகப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன.

"வாயைத் தொறந்தே, தொலைச்சுப்புடுவேன்."

"இல்ல டீச்சர், நான்..."

"ஒரு வார்த்தை வரக் கூடாது."

கிங்ஸ்டன் வாயை மூடினான். ரங்கநாத் வானத்தைப் பார்த்தான். அவனும் எதுவும் கொடுக்கவில்லை.

தேவபிரசாதத்துக்குக் கோபம் வந்தது. நாற்பது வருஷத்தில் இப்படி வந்ததில்லை. கையில் விழ இருந்ததைத் தட்டிவிட்டாளே. அவளை முறைத்தார். அவள் திருப்பி முறைத்தாள். கண் சிமிட்டவில்லை. அவள் முகத்தில் இரக்கம் துளிகூட இல்லை. போன வருஷத்திலிருந்து அவரைப் பார்த்த எல்லா முகத்திலும் அது இருந்தது.

உருட்டும் மட்டையை எடுத்தார். வலது கை உடனே ஆரம்பித்தது. மட்டையைத் தரையில் வைத்தார். வைத்துவிட்டு எட்டாம் நம்பரை எடுத்தார்.

"சார், அது இரும்பு," என்றான் ரங்கநாத், தன்னையறியாமல்.

"தெரியும்."

பந்தின் மறுபக்கம் போனார். மாடியில் இந்த அடியை ஒருமுறைகூட அவர் அடித்துப் பார்த்ததில்லை. இரும்பின் விளிம்பைப் பந்தின் நடுவயிற்றுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மணலைத் தொட்டால் கெட்டது. குழியைப் பார்த்தார். பந்தைப் பார்க்கவில்லை. காற்று ஒரு புழுதியைக் கொண்டுவந்து அவர்களுக்கு நடுவே போட்டுவிட்டுப் போனது. அது அடங்கும் வரை நின்றார். கை நின்றது. அந்தக் கை நின்றது.

தட்டினார்.

பந்து அவசரப்படவில்லை. அரை முழம் போய் யோசிப்பதுபோல் தளர்ந்தது. பிறகும் உருண்டது. விளிம்புக்கு வந்தது. உள்ளே விழுந்தது.

தகரக் குழியில் அது விழுந்த சத்தத்தை அவர் கேட்கவில்லை. அதற்குள் அவரே கத்திவிட்டார். என்ன கத்தினார் என்று பின்னால் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. பர்னபாஸ் மாதாவையும் அந்தோணியாரையும் சேர்த்துக் கூப்பிட்டான். கிங்ஸ்டன் ஓடிவந்து அவரைத் தூக்கினான். எழுபது வயதுக் கேப்டன் மட்டையோடு தரையை விட்டு எழும்பினார்.

"இறக்குலே, இடுப்பு போயிரும்."

"அண்ணாச்சி, எனக்கு அந்த அடி வராது. என் இரும்புலயே வராது!"

ரங்கநாத் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தான். "ஆகஸ்ட்ல காலைல ஆறரைக்கு ஆரம்பம் சார்," என்றான். கொஞ்சம் தயங்கினான். "நானும் கிங்ஸ்டனும் கமிட்டியில பேசிடறோம்."

"ரெண்டு பேரும் ஒத்துக்கிடுவீங்களா?" என்றாள் ஜெபசுதா.

ரங்கநாத் சிரித்தான். அவன் சிரித்து அவர் பார்த்ததில்லை.

மற்றவர்கள் தேநீருக்கு நடந்தார்கள். தேவபிரசாதம் மனைவியைப் பிடித்து நிறுத்தினார்.

"கொடுக்கவந்தவனை ஏன் தடுத்த?"

"கொடுத்திருந்தா நாளைக்கு அவன் கொடுத்த ஜெயிப்புல்லா. நான் எங்க போய்ச் சொல்ல?"

"நான் போடாம விட்டிருந்தா?"

"போடாம விட்டிருந்தா கிங்ஸ்டனோட ஆடியிருப்பேன்," என்றாள். "நல்லா அடிக்கான் பய."

தேவபிரசாதம் சிரித்தார். வயிறு குலுங்க, மட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அங்கே கிங்ஸ்டன் திரும்பிப் பார்த்தான்.

"டீ ஆறுது, வாங்க," என்றாள்.

"ஆறட்டும்." பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து முதல் குழியின் பக்கம் நடந்தார். "இன்னொரு ஒம்போது போடுவோம். வா."

"வெயில் ஏறுது."

"ஏறட்டும் ஏளா, வா."